மேகமலையில் 'மேகம் இருக்கா?'ன்னு கேட்டா: ஒரு கேள்வித்தாளின் எழுபது வருடக் கதை

"உங்களுக்கு மேகம் இருக்கா?"

இந்தக் கேள்வியை மேகமலையில நின்னு ஒரு பதினேழு வயசுப் புள்ளகிட்ட கேட்டுப் பாருங்க. ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கும். அதோட பாட்டிகிட்ட கேட்டீங்கன்னா உங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "யாருப்பா நீ?"ன்னு கேட்கும்.

ஏன்னா சித்த மருத்துவத்துலயும் கிராமத்துப் பேச்சுலயும் மேகம்னா பால்வினை நோய். மேகவெட்டை, மேகநீர் எல்லாம் அந்த வகை. வானத்து மேகமும் நோய் மேகமும் சமஸ்கிருதத்துல வெவ்வேறு சொல். தமிழ் எழுத்துல வந்து ஒண்ணாயிடுச்சு. பழைய தலைமுறைக்கு 'மேகம்' புரியும், 'பால்வினை நோய்' புரியாது. புதுத் தலைமுறைக்கு ரெண்டுமே புரியாது, 'எஸ்.டி.டி.'ன்னா டெலிபோன் பூத்துன்னு அப்பா சொன்ன ஞாபகம்தான் வரும்.

ஒரே ஒரு சொல்லுக்கே இந்தப் பாடுன்னா, வளரிளம் பருவத்துப் பிள்ளைங்களோட பாலியல் நலம், கருத்தடை பத்தி அம்பது கேள்வி உள்ள ஒரு கேள்வித்தாளை எப்படித் தயாரிக்கிறது? அதுல வர்ற பதிலை எவ்வளவு தூரம் நம்புறது? இன்னைக்கு இழை அதைப் பத்தி. நீளமானது. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல, இது யாருக்கு வேணும்னு சொல்லிடுறேன். அரசு மருத்துவமனையில வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வாங்க. வயித்துவலின்னு பதினாறு வயசுப் புள்ளையைக் கூட்டிட்டு அம்மா வருவாங்க. வயித்துல கை வெச்சதுமே நமக்குத் தெரிஞ்சுடும், அஞ்சு மாசம். அந்த அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் பழகாது.

அந்தப் புள்ள எந்தப் பதிவேட்டுலயும் இல்லை. கிராம சுகாதார செவிலியர் கையில இருக்குறது 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு. பேர்லயே தம்பதியர். கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் அதுல இடம். மாத்திரையும் ஆணுறையும் எவ்வளவு வேணும்னு கணக்குப் போடுறது அந்தப் பதிவேட்டை வெச்சு. முந்தின வருஷம் யாராவது சர்வேக்கு வந்து இந்தப் புள்ளகிட்ட கேட்டிருந்தா 'இல்லை'ன்னுதான் எழுதியிருக்கும். அந்த 'இல்லை' எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்க எழுபது வருஷம் பின்னால போகணும்.

1951. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். காந்தியோட நெருங்கிய சீடர், செயற்கைக் கருத்தடை பிடிக்காது. 'பாதுகாப்பான நாட்கள்' முறையைச் சோதிச்சுப் பார்க்க உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டார். ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டர் வந்தார். டெல்லி லோதி காலனி, அன்னைய மைசூர் மாகாணத்து ராமநகரம், ரெண்டு இடத்துல சோதனை. பெண்களுக்குக் கையில ஒரு மணிமாலை. தினம் ஒரு மணியைத் தள்ளணும். பச்சை மணி வந்தா பயமில்லை, சிவப்பு மணி வந்தா விலகி இருக்கணும்.

ஆர்வமா இருக்கீங்களான்னு கேட்டப்போ நிறைய பேர் ஆமான்னாங்க. கடைப்பிடிச்சவங்க கொஞ்சம். அதுல வெற்றி கண்டவங்க அதைவிடக் கொஞ்சம். ராத்திரி இருட்டுல பச்சை எது சிவப்பு எதுன்னு தெரியலை என்பதுல இருந்து, மணியைத் தள்ளினாலே கரு நிக்காதுன்னு தாயத்து மாதிரி நினைச்சது வரைக்கும் இந்தச் சோதனையைச் சுத்திப் பல கதைகள் உண்டு. எனக்கு இதுல முக்கியமாத் தெரியறது ஒண்ணுதான். "ஆர்வம் இருக்கா?"ன்னு வெள்ளைக்கோட்டு போட்டவங்க கேட்டா, நம்ம ஊர்ல மரியாதையான பதில் "ஆமா"தான்.

இதோட உச்சம் பஞ்சாப்ல நடந்துச்சு. லூதியானா மாவட்டத்துல கன்னா என்ற ஊரைச் சுத்தி ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1950கள்ல நடத்தின ஆய்வு. ஜான் வையன், ஜான் கார்டன் தலைமை. வீடு வீடா நுரை மாத்திரை கொடுத்தாங்க. மக்கள் வாங்கிக்கிட்டாங்க. மாசாமாசம் வந்து கேட்டப்போ பதிலும் சொன்னாங்க. ஆனா பிறப்பு விகிதம் எதிர்பார்த்த மாதிரி இறங்கலை.

பின்னால மஹ்மூத் மம்தானின்னு ஒரு ஆய்வாளர் அதே ஊர்கள்ல ஒண்ணான மனுப்பூருக்குப் போனார். 1972ல புத்தகம் போட்டார். அதுல ஒரு காட்சி. மாத்திரை டப்பாக்களையெல்லாம் அடுக்கி, சிற்பம் மாதிரி வீட்டுல செஞ்சு வெச்சிருந்தார் ஒருத்தர். ஏன் வாங்கினீங்க? அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க, நல்ல மனுஷங்க, எப்படி வேண்டாம்னு சொல்றது? விருந்தாளி மனசு நோகக் கூடாதுங்கிற பண்பு, ஆய்வாளரோட நோட்டுல 'பயன்படுத்துபவர்'னு பதிவாயிடுச்சு. மம்தானி சொன்ன அரசியல் முடிவுகளோட நீங்க உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். அந்த டப்பா சிற்பத்தை மறக்க முடியாது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். தேனி அப்போ தனி மாவட்டம் இல்லை, 1996-97ல்தான் மதுரையில இருந்து பிரிஞ்சது. பக்கத்துல சின்னாளப்பட்டி தாண்டி காந்திகிராமம், டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947ல ஆரம்பிச்சது. அங்கே 1964ல கிராம சுகாதாரத்துக்கும் குடும்ப நலத்துக்குமான பயிற்சி நிறுவனம் வந்துச்சு. ஆத்தூர் வட்டாரத்துல உள்ளூர் ஆட்களை வெச்சே குடும்ப நலப் பணி பண்ணினாங்க. வெளியூர்க்காரர் வந்து கேட்டு எழுதிட்டுப் போறதுக்கும், அதே ஊர்ப் பேச்சு பேசுறவங்க உட்கார்ந்து பேசுறதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிஞ்சுக்க இந்தியாவுல ஆரம்பத்துலயே முயற்சி பண்ணின இடங்கள்ல அதுவும் ஒண்ணு. (காந்திகிராமம்னா கதர் மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.)

1968ல நிரோத் வந்துச்சு. மூணு 15 காசு. அரசாங்கம் இதைக் கடைகளுக்குக் கொண்டுபோக யாரைப் பிடிச்சதுன்னு தெரியுமா? புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், யூனியன் கார்பைடு மாதிரி பெரிய கம்பெனிகளை. டீத்தூளும் சோப்பும் பேட்டரியும் போய்ச் சேர்ற பெட்டிக்கடைக்கெல்லாம் நிரோத்தும் போய்ச் சேரும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். அதோட பக்கவிளைவு, 'நிரோத்' என்பதே பொருளோட பேர் ஆகிப் போச்சு. இன்னைக்கும் அம்பது வயசு தாண்டினவங்ககிட்ட 'ஆணுறை'ன்னு கேட்டா கையுறையா காலுறையான்னு யோசிப்பாங்க, 'நிரோத்'னா சிரிப்பாங்க. பசங்களுக்கு 'காண்டம்'. ஆணுறைங்கிற சொல் கேள்வித்தாளுக்கும் சுவரொட்டிக்கும் மட்டும்.

தேயிலைத் தோட்டத்துக்கே வருவோம், மேகமலையும் தேயிலைதானே. 1971ல நீலகிரியில சில தோட்டங்கள்ல உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. தொழிலாளிப் பெண் கர்ப்பமாகாத ஒவ்வொரு மாசத்துக்கும் அவங்க பேர்ல கம்பெனி 5 ரூபாய் போடும். குழந்தை பெறும் வயசு தாண்டினதும் பணம் கைக்கு வரும். கூடுதல் குழந்தை பிறந்தா அதுல ஒரு பகுதி போயிடும். உலகம் முழுக்க இதைப் பத்தி எழுதினாங்க. இந்தத் திட்டம் மேகமலைக்கு வந்துச்சுன்னு நான் சொல்லலை. ஆனா தோட்டத்து வாழ்க்கை எங்கேயும் ஒரே சாயல்தான். வேலை, வீடு, ஆஸ்பத்திரி, ரேஷன், எல்லாம் ஒரே கம்பெனி கையில. அங்கே "நீங்க கர்ப்பமா?"ங்கிறது மருத்துவக் கேள்வி மட்டும் இல்லை. பதிலுக்கு ஒரு விலை இருக்கு. விலை உள்ள பதிலை யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க.

விலை எவ்வளவு பெரிசாகலாம்னு 1976-77 காட்டிச்சு. நெருக்கடி நிலை. அந்த ஒரே வருஷத்துல நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல கருத்தடை அறுவை சிகிச்சை. அதுக்கப்புறம் நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு "எத்தனை குழந்தைங்க?"ன்னு ஒரு ஆள் தெருவுல வந்தா, பின்வாசல் வழியா ஆம்பளைங்க போனதுல ஆச்சரியம் என்ன?

இதுவரைக்கும் சொன்ன எல்லாத்துலயும் ஒரு பொதுவான விஷயம் கவனிச்சீங்களா? கேள்வி முழுக்கக் கல்யாணம் ஆனவங்களுக்கு. 1992-93ல முதல் தேசிய குடும்ப நல ஆய்வு வந்தப்போ கூட, கல்யாணம் ஆன பெண்களைத்தான் பேட்டி எடுத்தாங்க. 1998-99ல ரெண்டாவதுலயும் அப்படியே. கல்யாணம் ஆகாத பெண்களும் ஆண்களும் உள்ளே வந்தது 2005-06ல, மூணாவது சுற்றுலதான். கடல் தாண்டி இலங்கை மலையகத்துல இதே தேயிலை, இதே தமிழ். அங்கே 2016ல நடந்த தேசிய ஆய்வும் கல்யாணம் ஆன பெண்களோடதான் பேசுச்சு. கேட்கலைன்னா பதில் இல்லை. பதில் இல்லைன்னா பிரச்சினையே இல்லைன்னு ஆயிடும்.

கேட்டே ஆகணும்ங்கிற நிலைமையை உண்டாக்கினது எய்ட்ஸ். 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவுல முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. 1994ல தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். அடுத்த பத்து வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு இந்த நோயால எவ்வளவு இழந்துச்சுன்னு அங்கே வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். குமுளி ரோட்டு லாரிகள், ஏலத்தோட்டத்துக்கு மலையேறி இறங்குற கூலி வாழ்க்கை. ஆண்டிபட்டியில தொழுநோய்க்காக ஆரம்பிச்ச ஆரோக்ய அகம் எச்.ஐ.வி. பக்கமும் திரும்ப வேண்டி வந்துச்சு.

அப்போ வந்தார் நம்ம புள்ளிராஜா. ஞாபகம் இருக்கா? "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" சுவர் முழுக்க, பஸ் முழுக்க. நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க. என்னைக் கேட்டா, தமிழ்ல பாலியல் பத்திக் கேட்கப்பட்ட மிக புத்திசாலித்தனமான கேள்வி அது. டீக்கடையில நிக்கிற ஆள் "எனக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு கேட்க மாட்டார். புள்ளிராஜாவைப் பத்தி அரை மணி நேரம் பேசுவார். அடுத்தவனைப் பத்திப் பேச விட்டா தன்னைப் பத்தி வெளியே வரும். கேள்வித்தாள் தயாரிக்கிற எங்க ஆட்கள் இதைப் பெரிய பேர் வெச்சுப் பாடமாப் படிக்கிறோம். சுவரொட்டி எழுதினவர் சும்மா செஞ்சுட்டார்.

இதே காலத்துல வெளியூர்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவோம்.

பிரிட்டன்ல தேசிய அளவு பாலியல் நடத்தை ஆய்வுக்குத் தாட்சர் அரசு 1989ல பணம் தர மறுத்துச்சு. வெல்கம் அறக்கட்டளை கொடுத்துச்சு, கிட்டத்தட்ட 19,000 பேரைக் கேட்டாங்க. கேள்வித்தாள் அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயே மக்களோட உட்கார்ந்து, எந்தச் சொல் புரியுது, எந்தச் சொல் கூசுதுன்னு தனியா ஒரு வேலை பார்த்தாங்க. ரொம்ப அந்தரங்கமான பகுதியைப் பேட்டியாளர் வாயால கேட்காம, தனிச் சிறுபுத்தகமாக் கொடுத்து அவங்களையே நிரப்ப விட்டாங்க.

அமெரிக்காவுல 1995ல 15 முதல் 19 வயசுப் பசங்ககிட்ட ஒரு சோதனை. ஒரு கூட்டத்துக்குக் காகிதம். இன்னொரு கூட்டத்துக்குக் காதுல ஹெட்போன், முன்னால கணினி. கேள்வி காதுல கேட்கும், பதிலை அவனே தட்டணும், அறையில வேற யாருக்கும் என்ன கேள்வின்னே தெரியாது. 'இன்னொரு ஆணோட பாலுறவு உண்டா?' காகிதத்துல ஆமான்னவங்க 1.5 சதவீதம். கணினியில 5.5. அதே நாடு, அதே வயசு, அதே கேள்வி. மாறினது யார் காதுல விழுதுங்கிறது மட்டும்.

கணினி கொடுத்தா எல்லாம் சரியாயிடும்னு குதிச்சுடாதீங்க. டான்சானியா கிராமப்புறத்துல, ரத்தம் சிறுநீர் பரிசோதனையில பால்வினைத் தொற்றோ கர்ப்பமோ உறுதியான இளம் வயசுக்காரங்களோட பதிலை எடுத்துப் பார்த்தாங்க. கணிசமானவங்க உடலுறவே இல்லைன்னு சொல்லியிருந்தாங்க, பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமா. ஒரே ஆளை நேர்ல கேட்டா ஒரு பதில், தானா நிரப்பச் சொன்னா ஒரு பதில், பொறுமையா உட்கார்ந்து கதையாப் பேசினா இன்னொரு பதில்.

நம்ம நாட்டுல இதை அக்கறையோட செஞ்சது 2006-07ல நடந்த இளைஞர் ஆய்வு. மும்பை ஐ.ஐ.பி.எஸ். நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சிலும் சேர்ந்து ஆறு மாநிலங்கள்ல பண்ணாங்க. தமிழ்நாடும் அதுல ஒண்ணு. 50,000 பேருக்கும் மேல. கல்யாணம் ஆகாதவங்களையும் சேர்த்து. அவங்க ரெண்டு விஷயம் பண்ணினாங்க. ஒண்ணு, ஒரே கதவை ஒரே தடவை தட்டிட்டுப் போகலை. காதல், பழக்கம், கட்டாயம், இப்படி வேற வேற சூழலாப் பிரிச்சு வேற வேற இடத்துல கேட்டாங்க. ரெண்டாவது, பேட்டி முடியுற நேரத்துல ஒரு உறை. வாயால சொல்ல வேண்டாம், குறிச்சு உள்ளே போட்டு நீங்களே ஒட்டிடுங்க. அப்படியெல்லாம் பண்ணினதுக்கு அப்புறம் வந்த எண்: கல்யாணத்துக்கு முன் உடலுறவு ஆண்கள்ல 15 சதவீதம், பெண்கள்ல 4 சதவீதம்.

இந்த 4 உண்மையா? இதுக்குக் கீழே இருக்க முடியாதுன்னு மட்டும் சொல்லலாம். இதுக்கு மேல எவ்வளவுன்னு உறைக்கும் தெரியாது.

சரி, தேனிக்கு என்ன எண்? இங்கேதான் நீங்க ஒரு கணக்கு போட்டுப் பார்க்கணும். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21). தமிழ்நாட்டுல 25,650 பெண்கள். அந்த ஆய்வுல 32 மாவட்டம். சராசரி மாவட்டத்துக்கு 800 பேர். 15-19 வயசு அதுல எட்டுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க, 100 பேர். பாலியல் நடத்தை பத்தின கேள்விகள் எல்லா வீட்டுலயும் கேட்கிறது இல்லை, 15 சதவீத வீடுகள்ல மட்டும். 100ல 15.

பதினைஞ்சு புள்ளைங்க. மேகமலை, வருசநாடு, போடி, கம்பம், பெரியகுளம் எல்லாம் சேர்த்து தோராயமா பதினைஞ்சு. அதனாலதான் மாவட்ட அறிக்கையில அந்த எண்ணே போட மாட்டாங்க. போடாதது நேர்மை. ஆனா 'தேனியில இந்தப் பிரச்சினை இல்லை'ன்னு யாராவது மேடையில பேசினா, எதை வெச்சுப் பேசுறாங்கன்னு கேளுங்க. மாநிலத்துக்கு இருக்கிற எண்கள் இவை: 20-24 வயசுப் பெண்கள்ல 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்னாலயே கல்யாணம். 15-19 வயசுல 6.3 சதவீதம் பேர் அந்த நேரத்துல தாயாவோ கர்ப்பமாவோ இருந்தாங்க.

இன்னொரு எண்ணும் அதே அறிக்கையில. தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செஞ்சவங்க. இதை ஏன் சொல்றேன்னா, இதுதான் அடுத்த சிக்கலோட வேர். அம்மா, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் 'ஆபரேஷன்' ஆகியிருக்கு. அந்த வீட்டுல வளர்ற புள்ளகிட்ட "கருத்தடை பத்தித் தெரியுமா?"ன்னு கேட்டா அதுக்குப் புரியறது 'ரெண்டு குழந்தை பெத்ததுக்கப்புறம் பண்ற ஆபரேஷன்'. "தெரியும்"னு சொல்லும். நீங்க டிக் அடிச்சுட்டு, தமிழ்நாட்டு வளரிளம் பெண்களுக்குக் கருத்தடை விழிப்புணர்வு அமோகம்னு கட்டுரை எழுதலாம். மாத்திரை, காப்பர்-டி, அவசரகால மாத்திரை பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. அவசரகால மாத்திரையைச் சட்டம் தடுக்கலை, ஆனா தமிழ்நாட்டுல பல மருந்துக்கடைக்காரர் வெக்கவே மாட்டார். கடையில இல்லாத பொருளைப் பத்தி என்ன விழிப்புணர்வு வரும்?

தேசிய ஆய்வுல இதுக்கு ஒரு நல்ல வழி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு முறையையும் பேர் சொல்லி, அது என்னன்னு ஒரு வரி விளக்கிட்டு, கேள்விப்பட்டிருக்கீங்களான்னு கேட்பாங்க. கல்லூரி ஆய்வுகள்ல அந்த ஒரு வரியைத்தான் முதல்ல வெட்டுவாங்க. நேரம் ஆகுதாம்.

சொற்கள்ல இன்னும் கொஞ்சம் நிக்கணும். 'உடலுறவு' பத்திரிகைச் சொல். படிச்ச புள்ளைக்குப் புரியும், வாயில வராது. 'தாம்பத்தியம்' கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும். 'தொடர்பு'ன்னா போன் நம்பரா, கள்ள உறவான்னு சந்தேகம் வரும். 'பேசிக்கிறாங்க'ன்னா நம்ம பக்கம் காதலிக்கிறாங்கன்னு அர்த்தம். 'தப்பு பண்ணிட்டா'ங்கிறதுதான் ஊர்ல எல்லாருக்கும் புரியற சொல். அந்தச் சொல்லுக்குள்ளயே தீர்ப்பும் இருக்கு. "நீ தப்பு பண்ணியிருக்கியா?"ன்னு கேட்டா யார் ஆமான்னு சொல்வா? 'பாதுகாப்பான உடலுறவு'ன்னு அச்சடிச்சுக் கொடுக்கிறோம். யாரும் பார்க்காத இடம்னு ஒரு பையன் அதை எடுத்துக்கிட்டா அவன் மேல தப்பு சொல்ல முடியுமா?

விசித்திரம் என்னன்னா, வயசுக்கு வந்த செய்தியை ஃப்ளெக்ஸ் போர்டு வெச்சு, மைக்செட் கட்டி, தாய்மாமன் சீர் ஊர்வலம் விட்டுச் சொல்ற பள்ளத்தாக்கு இது. உடம்புல நடந்த மாற்றத்தை ஊரே கொண்டாடும். அந்த உடம்பு பத்தி அதுகிட்ட ஒரு கேள்வி கேட்கச் சொல் கிடையாது.

மொழிபெயர்ப்பை வேற ஒருத்தரை வெச்சு மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்துட்டா சரியாயிடும்னு எங்க படிப்புல ஒரு நம்பிக்கை. 'கருத்தடை'யைத் திருப்பினா சரியான ஆங்கிலச் சொல்தான் வரும். அது 'ஆபரேஷன்'னு காதுல விழுந்த கதை அந்தத் திருப்பல்ல வரவே வராது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பத்துப் பதினைஞ்சு பிள்ளைங்களோட உட்கார்ந்து, "இந்தக் கேள்வியை உன் ஃப்ரெண்டுக்கு உன் பாஷையில சொல்லு"ன்னு கேட்கிறது.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, அசிங்கப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். முதுநிலை படிக்கும்போது நானும் ஒரு கேள்வித்தாள் தயாரிச்சேன். வெளிநாட்டுக் கேள்வித்தாளை வரிக்கு வரி தமிழாக்கி, ஒரு பள்ளியில ப்ளஸ் ஒன் பசங்களுக்குக் கொடுத்தேன். பேர் எழுத வேண்டாம்னு பெருந்தன்மையாச் சொல்லிட்டு, மேலே வரிசை எண் கேட்டிருந்தேன். வரிசை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒண்ணுன்னு எனக்கு உறைக்கலை, பசங்களுக்கு உறைச்சுடுச்சு. வகுப்பு ஆசிரியர் வேற பெஞ்சுக்கு நடுவுல உலாத்திக்கிட்டு இருந்தார். எல்லாத் தாள்லயும் இல்லை, இல்லை, இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அதே தாளைக் கொடுத்தேன், அதே இல்லை. 'நம்பகத்தன்மை மிக உயர்வு'ன்னு ஆய்வேட்டுல எழுதினேன். பாராட்டு கூட வாங்கினேன்.

தினமும் சரியா ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டுற தராசும் நம்பகமான தராசுதான். க்ரோன்பாக் 1951ல தன் பேர்ல உள்ள அந்த எண்ணைக் கொடுத்தப்போ, கேள்விகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பார்க்கத்தான் கொடுத்தார். உண்மையைச் சொல்றாங்களான்னு பார்க்க இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒத்துமையாப் பொய் சொன்னா அந்த எண் பிரமாதமா வரும்.

இன்னொண்ணு. 'இல்லை'ன்னு ஒரு தடவை சொல்லிட்டா அடுத்த பதினைஞ்சு கேள்வியைத் தாண்டிப் போகலாம். இதைப் பிள்ளைங்க ரெண்டாவது பக்கத்துலயே கத்துக்கிடும். சாயங்காலம் மலையில இருந்து இறங்கக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு இருக்கிற பேட்டியாளர் அதுக்கும் முன்னாலயே கத்துக்குவார். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்கி சின்னமனூர் போகணுமே.

இடத்தைப் பத்தியும் சொல்லணும். தோட்டத்து லைன் வீட்டுல ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுறது இந்தப் பக்கம் கேட்கும். தனியறைன்னு கேள்வித்தாள் வழிகாட்டியில எழுதியிருக்கும். எங்கே போறது? தேயிலைச் செடிக்கு நடுவுல கூட்டிட்டுப் போய்ப் பேசினா அதுவே ஊர்க்கதை ஆகும். பள்ளத்தாக்குல வேற மாதிரி. அங்கே அம்மா விடியறதுக்கு முன்னால ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போயாச்சு. புள்ள தனியா இருக்கு, பேசுறதுக்கு வசதி. ஆனா பதினெட்டு வயசுக்குக் கீழேன்னா பெற்றோர் ஒப்புதல் வேணும், அதோட புள்ளையோட சம்மதமும் வேணும், 2017 ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் அப்படி. கையெழுத்து போட வேண்டிய அம்மா சாயங்காலம்தான் வருவாங்க. வந்ததும் பக்கத்துல உட்கார்ந்துக்குவாங்க. கையெழுத்து கிடைக்கும், பதில் போயிடும்.

இதையெல்லாம் கூடச் சமாளிச்சுடலாம். சமாளிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. 2012 போக்சோ சட்டம். சம்மத வயசு 16ல இருந்து 18 ஆச்சு. 19ஆவது பிரிவுப்படி, பதினெட்டுக்குக் கீழே உள்ளவங்க சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் தெரியவந்தா யாரா இருந்தாலும் புகார் சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா தண்டனை. குழந்தைகளைப் பாதுகாக்க வந்த சட்டம், அதுல சந்தேகம் இல்லை. ஆனா பதினேழு வயசுப் புள்ள தன்னோட அதே வயசுக் காதலனைப் பத்திக் கேள்வித்தாள்ல ஒரு டிக் அடிச்சா, அந்தத் தாளைக் கையில வெச்சிருக்கிற நான் யார்? டாக்டரா, ஆய்வாளரா, புகார்தாரரா?

2006ல அந்த உறையை ஒட்டிக் கொடுத்த பேட்டியாளருக்கு இந்தக் கேள்வி இப்படி முன்னால நிக்கலை. இன்னைக்கு "நீங்க சொல்றது யாருக்கும் போகாது"ன்னு ஒப்புதல் படிவத்துல எழுதுறதே பொய்யாகிடுமோன்னு நெறிமுறைக் குழுக்கள் கேட்கிறது சரிதான். 2022ல உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கு வர்ற சிறுமியோட அடையாளத்தை, அவளும் பெற்றோரும் கேட்டுக்கிட்டா, டாக்டர் புகார்ல வெளியிடத் தேவையில்லைன்னு சொல்லுச்சு. மருத்துவமனையில அது பெரிய நிம்மதி. கேள்வித்தாளுக்கு அதை நீட்டிச்சு யாரும் சொல்லலை.

அதனால இப்போ ரெண்டு குறுக்குவழி. ஒண்ணு, ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி கேட்கிறது. பேர் இல்லை, வரிசை எண் இல்லை, ஊர் கூட இல்லை, பெட்டியில போட்டுட்டுப் போ. என்னோட பழைய தாள்ல நான் பண்ணாத வேலை. ஆனா அப்படி வாங்கினா, அந்தத் தாள்ல யாராவது உதவி கேட்டிருந்தாலும் அவங்களைத் தேடிப் போக முடியாது. இன்னொண்ணு, 18ல இருந்து 24 வயசுக்காரங்ககிட்ட 'உனக்குப் பதினாறு வயசுல'ன்னு பின்னோக்கிக் கேட்கிறது. சட்டச் சிக்கல் குறையும். ஆனா எட்டு வருஷத்துக்கு முந்தின நினைவு, நடுவுல ஒரு கல்யாணம் ஆகியிருந்தா தன்னாலேயே திருத்திக்கும். இந்த ரெண்டுல எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். தாளோட கூடவே ஒவ்வொரு புள்ளைக்கும், ஆமான்னாலும் இல்லைன்னாலும், உதவி எண் அச்சடிச்ச ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிடலாம். எல்லார் கையிலயும் இருந்தா யார்கிட்ட இருக்குன்னு யாரும் பார்க்க மாட்டாங்க.

அந்தச் சீட்டுல என்ன இருக்கணும்னு கேட்கிறவங்களுக்கு: 104 தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண், 1098 குழந்தைகளுக்கான எண். அரசு மருத்துவமனைகள்ல வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனைப் பிரிவு எங்கே, எந்த நாள்ல இருக்குன்னு உங்க ஊர் செவிலியரைக் கேட்டு எழுதிடுங்க. பள்ளி ஆசிரியர்கள், முதுநிலை மாணவர்கள் யாராவது இப்படி ஒரு கேள்வித்தாள் தயாரிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா அனுப்புங்க, படிச்சுப் பார்த்துச் சொல்றேன். சொந்த விஷயத்தை மட்டும் கீழே பொதுவுல எழுதாதீங்க. ஊர் முழுக்கப் படிக்கும்.